விடியற்காலையில் குளத்து மீன்கள் மூச்சுத் திணறினால்

ஐப்பசி மழை மூன்று நாள் பிடித்துவிட்டு, நான்காம் நாள் வானம் வெளுக்கும் நேரம். கொல்லைப்புறத்துக் குளத்துக்குப் பல் துலக்கப் போகும் விவசாயி, கரையோரம் வெள்ளை வெள்ளையாக மீன்கள் மல்லாந்து கிடப்பதைப் பார்க்கிறார். தை மாதம் விட்ட குஞ்சுகள். பத்து மாதம் தவிடும் பிண்ணாக்கும் தின்று, முக்கால் கிலோ, ஒரு கிலோ என்று வளர்ந்து நின்றவை. சிறிது நேரத்தில் கரையில் கூட்டம் கூடிவிடும். "மருந்து கலந்துட்டாங்கண்ணே, இல்லேன்னா ஒரே ராத்திரியில இப்படிச் சாகுமா?" என்று யாராவது ஒருவர் ஆரம்பித்து வைப்பார். வாய்க்கால் தகராறில் பேச்சு நின்றுபோன பக்கத்து வயல்காரர் மேல் சந்தேகம் விழும். மீனும் போய், உறவும் போய், காவல் நிலையம் வரை போக வேண்டிய நிலை வந்துவிடும்.

மருந்து கலப்பது நடக்காத காரியம் அல்ல. ஆனால் மேகமூட்டமான நாட்களுக்குப் பிறகு, விடியற்காலையில், வளர்ந்த மீன்கள் மொத்தமாகச் செத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மனிதரை அல்ல; தண்ணீரில் பிராணவாயு தீர்ந்து போனதைத்தான். இது திடீரென்று வருவதுபோலத் தோன்றினாலும், முதல் நாள் மாலையே குளம் அடையாளம் காட்டிவிடும். பார்க்கத் தெரிந்தால் மீனைக் காப்பாற்றலாம்.

தண்ணீரில் எவ்வளவு காற்று?

ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் பிராணவாயு இருக்கிறது. நமது வெயிலில் 30 டிகிரி சூடேறிய ஒரு லிட்டர் குளத்து நீர் காற்றிலிருந்து இழுத்துக் கரைத்து வைத்துக்கொள்ளக் கூடியது ஏழரை மில்லிகிராம்தான். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை மீன்கள் நன்றாகத் தின்று வளர லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது இருப்பது நல்லது. 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அவை மேலே வந்து வாயைத் திறந்து தவிக்கத் தொடங்கும். அதாவது நிறைவுக்கும் ஆபத்துக்கும் இடையே உள்ள இடைவெளி மிகச் சிறியது.

குளத்துக்குப் பிராணவாயு கொடுப்பது பெரும்பாலும் தண்ணீரைப் பச்சையாக்கும் நுண்பாசிதான். பகலில் வெயில் இருக்கும்வரை அது பிராணவாயுவை வெளிவிடும். பொழுது சாய்ந்ததும் அதே பாசி மற்ற உயிர்களைப் போலப் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளத் தொடங்குகிறது. இரவு முழுவதும் மீனும் பாசியும் அடிச்சேற்றில் மக்கும் சாணமும் தழையும் ஒரே கையிருப்பிலிருந்து செலவு செய்கின்றன. இதில் மீன் செலவழிப்பதைவிடப் பாசியும் சேறும் செலவழிப்பதே அதிகம். ஆகவே குளத்தில் பிராணவாயு பிற்பகலில் உச்சத்திலும், சூரியன் உதிப்பதற்குச் சற்று முன் அடிமட்டத்திலும் இருக்கும்.

மேகமூட்டம் இருந்தால் பகல் வரவு குறைகிறது. இரவுச் செலவு குறைவதில்லை. இரண்டு மூன்று நாள் இப்படியே போனால் கையிருப்பு கரைந்துவிடும். காற்றும் அசையாமல் புழுக்கமாக இருந்தால் இன்னும் மோசம். மழைக்காலத்தில் மற்றொரு ஆபத்தும் உண்டு. வெயில் நாளில் மேல்தண்ணீர் சூடாகவும் அடித்தண்ணீர் குளிர்ந்தும் இரண்டு அடுக்காக நிற்கும். குளிர்ந்த மழை திடீரென்று கொட்டும்போது மேல்தண்ணீர் கனத்துக் கீழே இறங்க, பிராணவாயு இல்லாத, அழுகிய முட்டை நாற்றம் வீசும் அடித்தண்ணீர் மேலே வந்து கலந்துவிடும். பெருமழைக்கு மறுநாள் மீன் தவிப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

மருந்தா, மூச்சுத் திணறலா?

கரையில் கூட்டம் கூடுமுன் சில விஷயங்களைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பிராணவாயுக் குறைவில் பெரிய மீன்கள் முதலில் சாகும், சிறியவை பிழைத்திருக்கும். செத்த மீன் பெரும்பாலும் வாய் திறந்து, செவுள் மூடி விரிந்து கிடக்கும். விரால், குறவை, தேளி போன்றவை நீருக்கு மேலே வந்து காற்றை நேரடியாக சுவாசிக்கக் கூடியவை. குளத்தில் இவை இருந்தால், கெண்டை செத்த அதே காலையில் உயிரோடு திரியும். தவளையும் நீர்ப்பூச்சியும் வழக்கம்போல இருக்கும். வெயில் ஏறியதும் சாவு நின்றுவிடும்.

மருந்து கலந்த தண்ணீர் நேரம் பார்ப்பதில்லை. நடுப்பகலிலும் சாவு தொடரும். பெரும்பாலும் சிறு மீன்கள் முதலில் பாதிக்கப்பட்டு, சுழன்று சுழன்று நீந்தும். நீர்ப்பூச்சிகள், இறால், சில சமயம் விரால்கூட மிதக்கும். இதற்கும் வேண்டுமென்றே கலந்ததுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வயலுக்குத் தெளித்த மருந்து மழைநீரோடு வழிந்து வந்திருக்கலாம். சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லக் கூடியவை. மீன்களைக் கொன்று வந்த எண்டோசல்பானை 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. என்றாலும் இன்று கடையில் உள்ள மற்ற மருந்துகள் மீனுக்குத் தீங்கற்றவை என்று எண்ணிவிடக் கூடாது. தெளிப்பானைக் குளத்தில் கழுவுவதும் இதே வேலையைத்தான் செய்யும்.

சந்தேகம் தீரவில்லையானால், யார் மேலும் பழி சொல்லுமுன், சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரும், புதிதாகச் செத்த மீன் ஒன்றை ஐஸில் வைத்தும் மீன்வளத்துறை அலுவலகத்துக்கு அன்றே எடுத்துச் செல்ல வேண்டும். காரணம் தெரியாத மீனைச் சமைக்கவோ விற்கவோ கூடாது. குளத்திலிருந்து தள்ளிக் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும்.

முதல் நாள் மாலை அடையாளங்கள்

நண்பகல் வேளையில் கரையில் நின்று கையை நேராக நீட்டித் தண்ணீருக்குள் மெதுவாக இறக்க வேண்டும். முழங்கை நனையும்போது உள்ளங்கை மங்கினால் பாசி சரியான அளவில் இருக்கிறது. மணிக்கட்டு நனைந்த சிறிது நேரத்திலேயே விரல்கள் மறைந்துவிட்டால் பாசி அளவுக்கு மீறிவிட்டது. அன்று முதல் சாணமும் உரமும் நிறுத்த வேண்டும். செலவில்லாத சோதனை இது. மழையில் களிமண் கரைந்து கலங்கிய தண்ணீரில் மட்டும் இது பயன்படாது.

காற்று ஒதுக்கும் மூலையில் பச்சை ஆடை படர்ந்து நாற்றமெடுப்பதும், பச்சைத் தண்ணீர் ஓரிரு நாளில் பழுப்பாகவோ கருப்பாகவோ மாறுவதும் கெட்ட அறிகுறிகள். பாசி மொத்தமாகச் சாகிறது என்று பொருள். அது பிராணவாயு கொடுப்பதை நிறுத்தியதோடு, அழுகுவதற்கும் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விட எளிய அடையாளம் தீனிதான். மூங்கிலில் கட்டித் தொங்கவிட்ட துளைச் சாக்கில் காலையில் வைத்த தவிடும் பிண்ணாக்கும் மாலையில் மீந்திருந்தால், மீனுக்கு ஏதோ சரியில்லை. அன்று மேலும் தீனி போடக் கூடாது. மீந்ததையும் எடுத்துவிட வேண்டும். "பட்டினி கிடக்குமே" என்று இரக்கப்பட்டுப் போடும் தீனி அடியில் கிடந்து அழுகி, மிச்சமிருக்கும் பிராணவாயுவையும் குடித்துவிடும். இரண்டு மூன்று நாள் தீனி இல்லாததால் கெண்டை மீன் செத்துப்போகாது.

இத்தகைய நாட்களில் இரவு மூன்று மணிக்கு மேல் ஒருமுறை டார்ச் விளக்குடன் கரைக்குப் போய்ப் பார்ப்பது அவசியம். மீன்கள் மேலே வந்து வாய் திறந்திருந்தாலும், கை தட்டியதும் சட்டென்று உள்ளே பாய்ந்தால் இன்னும் அவகாசம் உண்டு. தட்டியும் நகராமல் தண்ணீர் வந்து விழும் மூலையில் கும்பலாக நின்றால் அந்த நிமிடமே வேலையைத் தொடங்க வேண்டும்.

இரவில் செய்ய வேண்டியது

காற்றூட்டி இயந்திரம் இருந்தால் நல்லது. அரை ஏக்கர் குளம் வைத்திருப்பவர் எல்லோராலும் அதை வாங்க முடியாது. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சினே போதும். குளத்துத் தண்ணீரையே இழுத்து, துளையிட்ட தகரத்தின் மேலோ மூங்கில் தட்டியின் மேலோ மூன்று, நான்கு அடி உயரத்திலிருந்து மழைபோல விழச் செய்ய வேண்டும். தண்ணீர் எவ்வளவு சிதறுகிறதோ அவ்வளவு காற்றைப் பிடித்துக்கொண்டு விழும். குழாய் வாயைத் தண்ணீருக்குள் மூழ்க விட்டால் டீசல்தான் வீண். ஃபுட் வால்வில் வலை சுற்றி, காலி டிரம்மில் கட்டி மேல்மட்டத்தில் மிதக்க விட வேண்டும். அடியில் கிடந்தால் சேற்றுத் தண்ணீரை வாரி மேலே கொட்டிவிடும்.

ஆழ்குழாய்த் தண்ணீரைக் கொண்டு வந்தால் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆழத்திலிருந்து வரும் நீரில் பிராணவாயு மிகக் குறைவு. அதையும் இதேபோலச் சிதறடித்துத்தான் விட வேண்டும். சுத்தமான வாய்க்கால் தண்ணீர் கிடைத்தால் அதுவே மேல்.

பம்பு இல்லாத இடத்தில் வாழைமரத் தெப்பத்தில் போய் மூங்கில் கழியால் மேல்தண்ணீரை அடித்துக் கலக்குவது வழக்கம். பலன் சிறிதுதான், ஒன்றுமே செய்யாமல் நிற்பதைவிட மேல். கழி அடிச்சேற்றைத் தொடக் கூடாது. நீச்சல் தெரிந்தவர் மட்டும், கரையில் ஒரு துணையை வைத்துக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டித்தான் இறங்க வேண்டும். மின்சார மோட்டார் ஓடும்போது எவரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. ஈரக் கரையில் ஒட்டுப்போட்ட ஒயரை இழுத்துக்கொண்டு ஓடுவது, மீனுக்காக மனித உயிரைப் பணயம் வைப்பது.

பதற்றத்தில் சுண்ணாம்பை வாரி இறைப்பதும் தவறு. அது பிராணவாயு தராது. தண்ணீரின் காரத்தன்மை கூடினால், சாணமும் தீனியும் அழுகி உண்டான அம்மோனியாவின் நச்சு அதிகமாகிவிடும். வலை வீசி மீனை விரட்டுவதும் வேண்டாம். சூரியன் நன்றாக மேலே வந்து, மீன்கள் தாமாகவே ஆழத்துக்குப் போகும்வரை தண்ணீர் சிதறுவதை நிறுத்தக் கூடாது. மறுநாள் இரவும் விழித்திருக்க வேண்டியிருக்கும்.

தொழுவத்துக் கால்வாய்

கொல்லைக் குளங்களில் இந்தத் தொல்லை அதிகம் வருவதற்கு மாட்டுத் தொழுவமும் ஒரு காரணம். அரை ஏக்கர் குளத்துக்கு வாரம் 40 முதல் 60 கிலோ வரை சாணம் போட்டால் மீனுக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் உண்டாகும். ஒரு மாடு நாளொன்றுக்குப் பத்துக் கிலோ சாணம் போடுவதாக வைத்துக்கொண்டால், இரண்டு மாட்டுச் சாணம் வாரத்துக்கு 140 கிலோ. தொழுவம் கழுவும் தண்ணீர் நேராகக் குளத்தில் இறங்கும் வீடுகளில், எவரும் அளந்து போடாமலே அளவு இரண்டு மடங்குக்கு மேல் போய்விடுகிறது. புரட்டாசிக்குள் அந்தக் கால்வாயை எருக்குழிக்கோ தென்னம்பாத்திக்கோ திருப்பிவிட வேண்டும். சமையலறைக் கழிவுநீருக்கும் இதே வழிதான். வீட்டுக்கு மழைக்கால மராமத்துப் பார்க்கும்போதே ஒரு நாள் வேலையாக முடித்துவிடலாம்.

குளக்கரை மூங்கிலையும் புளிய மரக்கிளையையும் அப்போதே கழித்துவிட்டால் இலை விழுவது குறையும். காற்று தண்ணீரில் அலை எழுப்பும். கோடையில் குளம் வற்றினால் கருஞ்சேற்றை வாரி வயலுக்கு அடித்துவிட்டு, அரை ஏக்கருக்கு 50 கிலோ சுண்ணாம்பு தூவிக் காயவிட வேண்டும். சுண்ணாம்புக்கு உரிய காலம் அதுதான்.

மீனின் எடையும் கவனிக்க வேண்டியது. அரை ஏக்கருக்கு ஆயிரம் குஞ்சு விடுவது நியாயமான அளவு. அவற்றில் எண்ணூறு பிழைத்து முக்கால் கிலோ ஆனால், குளத்தில் 600 கிலோ மீன் மூச்சு விடுகிறது. புரட்டாசியில் பலர் புலால் உண்பதில்லை, விலை விழுகிறது. அதனால் தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லா மீனையும் நிறுத்தி வைக்கிறார்கள். வருடத்திலேயே அதிக எடை குளத்தில் இருக்கும் வேளையில்தான் ஐப்பசி மூட்டம் வந்து சேருகிறது. ஆவணியிலேயே பெருங்கண் வலை போட்டு, முக்கால் கிலோவுக்கு மேற்பட்ட மீன்களில் பாதியைப் பிடித்து விற்றுவிட்டால், மிச்சமுள்ளவை மழைக்காலத்தைத் தாங்கும். இடம் கிடைத்து வேகமாகவும் வளரும். அவற்றைத் தீபாவளி விலைக்கு விற்கலாம்.