ஷவரில் சுடுதண்ணி வரலையா? உள்கடன் கேட்கும் முன் பாருங்கள்



மார்கழி, தை மாதத்தில் நம் வடலூர்ப் பக்கம் விடியற்காலைக் குளிர் உங்களுக்குத் தெரியாததல்ல. தைப்பூச ஜோதி தரிசனத்துக்குச் சொந்தபந்தம் வந்து இறங்கிவிட்டால் ஒரே காலையில் பத்துப் பேர் குளிக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்துத்தான் ஷவரில் பச்சைத் தண்ணீர் கொட்டும். அடுத்த குழுக் கூட்டத்தில் "ஹீட்டர் போச்சு, புதுசு வாங்கணும், உள்கடன் குடுங்க" என்ற பேச்சு வரும். கடன் கேட்பது உறுப்பினரின் உரிமை. ஆனால் பல வீடுகளில் ஹீட்டர் கெட்டே இருக்காது.

முதலில் ஒரு சோதனை. அதே பாத்ரூமில் கீழே உள்ள குழாயைத் திறந்து வாளியில் பிடியுங்கள். வாளியில் சூடாகவும் ஷவரில் வெதுவெதுப்பாகவும் வந்தால் ஹீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் என்ன காரணம்? உங்கள் வீட்டில் இருப்பது 3 லிட்டர் 'இன்ஸ்டன்ட்' ஹீட்டரா என்று பாருங்கள். இதன் சக்தி பெரும்பாலும் 3 கிலோவாட். 25 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 40 டிகிரி ஆக்கினால்தான் குளிக்க இதமாக இருக்கும். 3 கிலோவாட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3 லிட்டரைத்தான் அப்படிச் சுட வைக்க முடியும். ஷவரோ நிமிடத்துக்கு 8 லிட்டர்கூடக் கொட்டும். பிறகு எப்படிச் சுடும்? இது பழுது அல்ல, கணக்கு. குழாயைக் குறைவாகத் திறந்து வாளியில் பிடித்தால் 10 லிட்டர் வாளி மூன்று, நான்கு நிமிடத்தில் நிறைந்துவிடும். கடைக்காரர் இதைச் சொல்லி விற்பதில்லை, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஷவர்தான் வேண்டும் என்றால் தண்ணீரைத் தேக்கிச் சுட வைக்கும் 15 அல்லது 25 லிட்டர் ஹீட்டர் தேவை. 15 லிட்டரை 60 டிகிரிக்குச் சுட வைத்து, பச்சைத் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய மூன்று வாளி கிடைக்கும். 2 கிலோவாட் ஹீட்டர் அதற்கு 20 நிமிடம் எடுக்கும். முதல் ஆள் ஷவரில் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டால் இரண்டாவது ஆள் காத்திருக்கத்தான் வேண்டும்.

போர் தண்ணீர் உப்பாக உள்ள வீடுகளில் ஷவர் ஓட்டைகள் வெள்ளையாக அடைத்துக்கொள்ளும். தலையைக் கழற்றி எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் இரவு முழுக்க ஊறப் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள்.

சுடுதண்ணியும் பச்சைத் தண்ணியும் கலக்கும் மிக்ஸர் கெட்டிருந்தாலும் ஷவர் சுடாது. ஹீட்டர் சுவிட்சை அணைத்து, ஹீட்டருக்குத் தண்ணீர் போகும் வால்வை மூடுங்கள். பச்சைத் தண்ணீர்க் குழாயை மூடி, சுடுதண்ணிக் குழாயை மட்டும் திறங்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், பச்சைத் தண்ணீர் மிக்ஸர் வழியாக உள்ளே புகுகிறது. பிளம்பர் வேலை, எலக்ட்ரீஷியன் வேலை இல்லை. சோதித்த பின் வால்வைத் திறந்து, குழாயில் தண்ணீர் சீராக வந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

வாளியிலும் சூடு இல்லையா? வோல்டேஜைக் கவனியுங்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து 1962-லிருந்து கரண்ட் எடுக்கிறார்கள், பக்கத்திலேயே இருக்கும் நம் தெருவில் பல்பு மங்கும், என்னத்தைச் சொல்ல! 230 வோல்ட் 180 ஆகக் குறைந்தால் ஹீட்டரின் சக்தி 100-க்கு 61 ஆகிவிடும். 20 நிமிடத்தில் சுட்டது அரை மணிக்கு மேல் ஆகும். மாலையில் சுடாதது நடு இரவில் சுடுகிறதென்றால் காரணம் இதுதான்.

ஹீட்டரைச் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் செருகக் கூடாது, 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். பிளக் கருகி வாசனை வந்தால் அன்றோடு நிறுத்துங்கள்.

வோல்டேஜ் சரியாக இருந்து, விளக்கு எரிந்துகொண்டே இருந்தும் தண்ணீர் சுடவில்லை என்றால் காயில் அல்லது தெர்மோஸ்டாட் போயிருக்கலாம். இதற்கு மேல் நம் கை போகக் கூடாது. மூடியை நீங்களோ வீட்டுக்காரரோ பிள்ளைகளோ திறக்க வேண்டாம்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஹீட்டர் போட்டதும் டிரிப்பர் விழுந்தால் அதைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள். காயிலில் கரண்ட் கசிகிறது என்று அர்த்தம். குழாயைத் தொட்டால் சுர்ரென்று இழுத்தாலும் அதேதான், மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். அடுத்தது, "கட்-அவுட்டை எடுத்துட்டு டைரக்டா குடுத்துடறேன் அக்கா, ஜம்முனு ஓடும்" என்று மெக்கானிக் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தெர்மோஸ்டாட் கெட்டு தண்ணீர் கொதிக்கும்போது கரண்ட்டை நிறுத்துவது அந்தக் கட்-அவுட்தான். அது இல்லாவிட்டால் டேங்க் வெடிக்கக்கூடும். உயிர் போகிற விஷயம் இது.

பழுது பார்க்கும் வரை வாட்டர் ராடு போடுபவர்கள் பிளாஸ்டிக் வாளியில் தண்ணீருக்குள் ராடை வைத்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். அணைத்து, பிளக்கைப் பிடுங்கும் வரை விரல் வைத்துச் சூடு பார்க்கக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் பாத்ரூம் கதவு பூட்டியிருக்கட்டும்.

மெக்கானிக் காயில் மாற்றினால் பழைய காயிலைக் கையில் வாங்கிப் பாருங்கள், ரசீதும் கேளுங்கள். காயிலோ தெர்மோஸ்டாட்டோ போனதற்குப் புது ஹீட்டர் வேண்டியதில்லை, சிறு கடனே போதும். டேங்கே ஓட்டையாகி ஒழுகினால் மட்டும் புதிது வாங்கலாம். அப்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை, எர்த் வயர், 16 ஆம்பியர் பாயிண்ட் மூன்றுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் கடன் கேளுங்கள்.