ஓடை மீன்களைத் தேடி அறிவோம்

2006 ஏப்ரலில் சம்பூரையும் அயற்கிராமங்களையும் விட்டு வெளியேறியபோது, நம்மில் பலர் பிள்ளைகளையும் ஒரு துணிப்பையையும் மட்டுமே கொண்டு போனோம். முதலில் மட்டக்களப்பிலும், பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களிலும் ஆண்டுகள் கழிந்தன. 2015இலும் 2016இலும் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்ட பின்னரே பலர் ஊருக்குத் திரும்ப முடிந்தது. ஐந்து வயதில் போன பிள்ளை பதினான்கு, பதினைந்து வயதில் திரும்பி வந்தது.

இடிந்த வீட்டையும் தூர்ந்த கிணற்றையும் எல்லோரும் கண்டோம். கண்ணுக்குத் தெரியாத இழப்பு ஒன்றும் உண்டு. மாரி பிறந்ததும் எந்த ஓடையால் மீன் வயலுக்கு ஏறும், கோடையில் எந்த மடுவில் தண்ணீர் நிற்கும் என்பவை தகப்பனோடு நடந்து பிள்ளை படிக்கும் பாடங்கள். முகாமில் அந்தப் பாடம் நடக்கவில்லை. அதை மீளத் தொடங்குவது எப்படி என்பதையே இம்முறை நாம் படிக்கப் போகிறோம்.

ஏன் தேட வேண்டும்?

முதலாவது காரணம் உணவு. கையளவுகூட இல்லாத சிறு மீன்களை நாம் மதிப்பதில்லை. ஆனால் அவற்றைத் தலையோடும் முள்ளோடும் உண்பதால் சுண்ணாம்புச் சத்து முழுமையாகக் கிடைக்கிறது. சில இனங்களில் கண்ணுக்கு வேண்டிய விற்றமின் ஏ நிறைய உண்டு. பங்களாதேசத்தின் குளங்களிலும் வயல்களிலும் உள்ள இத்தகைய சிறு மீன்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் அவை எவ்வளவு பயன்படும் என்று காட்டியவர் சகுந்தலா தில்ஸ்டெட் அம்மையார். அதற்காக 2021இல் அவருக்கு உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

இரண்டாவது, நுளம்பு. மலேரியாவைப் பரப்பும் நுளம்பு, ஓடை வற்றும்போது எஞ்சும் குட்டைகளில் முட்டையிடும். இலங்கை மலேரியா அற்ற நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த நிலையைக் காப்பதில் நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் சிறு மீன்களுக்கும் பங்கு உண்டு. நீரின் மேற்பரப்பை ஒட்டி நிற்கும் ஒரு சிறு மீனின் தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு மின்னுவதைக் கரையில் நின்றே காணலாம். அது அப்படிப்பட்ட மீன். அதைப் பிடிக்காமல் விடுவோம்.

மூன்றாவது, தண்ணீரின் நிலைமை. ஓடையில் எந்த மீன் இருக்கிறது என்று தெரிந்தால் அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்றும் தெரியும்.

போகுமுன் கவனிக்க வேண்டியவை

போர் நடந்த நிலத்தில் ஓடைக்கரை எல்லாம் பாதுகாப்பானது என்று எண்ணக்கூடாது. வெள்ளம் வெடிபொருளை இழுத்து வந்து மணலில் புதைக்கும். ஊரார் நாளாந்தம் நடமாடும் பாதையால் மட்டும் போக வேண்டும். இனந்தெரியாத இரும்பைத் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவிக்க வேண்டும்.

ஆழமான கலங்கல் நீரில் முதலை இருக்கலாம். காலில் காயம் உள்ளவர் இறங்கினால் எலிக்காய்ச்சல் தொற்றலாம். வயலிலும் ஓடையிலும் அடிக்கடி இறங்குவோர் தடுப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்க வேண்டும். பிள்ளைகளைத் தனியே அனுப்பக்கூடாது. ஊரில் மூத்தவர் ஒருவர் உடன் போவது பாதுகாப்பு மட்டுமல்ல, அவரே நமக்கு ஆசிரியரும் ஆவார்.

எப்போது, எப்படிப் பார்ப்பது?

ஆண்டுக்கு இரு தடவை போனால் போதும். புரட்டாதியில், மழைக்கு முன், எங்கே தண்ணீர் எஞ்சியிருக்கிறது என்று பார்க்கலாம். தை மாதத்தில், வெள்ளம் வடிந்த பின், எங்கே குஞ்சு பெருகியிருக்கிறது என்று பார்க்கலாம்.

காலையில் வெயில் ஏறுமுன் போவது நல்லது. நிழல் நீரில் விழாதபடி கரையில் அசையாமல் சிறிது நேரம் இருந்தால், ஒளிந்த மீன்கள் வெளியே வரும். பின்பு அத்தாங்கால் மரவேர், புல்லடி, மதகின் கீழ்ப்பக்கம் ஆகிய இடங்களை மெதுவாகக் கோலலாம். பிடித்ததை ஓடைத் தண்ணீர் நிறைந்த வாளியில் விட்டுப் பார்த்து, மூத்தவரிடம் பெயர் கேட்டு, கொப்பியில் எழுதிவிட்டுத் திரும்ப விடவேண்டும். நாள், இடம், நீரின் ஆழம், மீனின் ஊர்ப்பெயர் இந்த நான்கும் போதும்.

மீன் சொல்லும் செய்தி

விராலும் பனையேறிக் கெண்டையும் நீருக்கு மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும். சேறான, பிராணவாயு குறைந்த நீரிலும் அவை பிழைக்கும். ஆகவே ஓரிடத்தில் அவை மட்டுமே இருந்தால் தண்ணீர் மூச்சடைத்துப் போயிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். நடுநீரில் சிறு கெண்டைகள் கூட்டமாய் ஓடினால் அங்கே நல்ல நீர் உண்டு. சென்ற ஆண்டு இருந்த கெண்டை இம்முறை இல்லையென்றால் மேலே என்ன நடந்தது என்று விசாரிக்க வேண்டும். மருந்து விசிறும் தாங்கியை யாராவது ஓடையில் கழுவியிருக்கலாம்.

இலங்கைக்கே உரிய நன்னீர் மீன்களில் பெரும்பாலானவை தென்மேற்கின் ஈரவலய ஓடைகளில் வாழ்கின்றன. நமது உலர்வலயத்து மீன்களில் பெரும்பாலானவை அப்படி அரியவை அல்ல. ஆனால் வரட்சியையும் வெள்ளத்தையும் தாங்கத் தெரிந்தவை. விரால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து கோடையைக் கடத்தும். பனையேறிக் கெண்டை ஈரத்தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்குப் போகும். நாம் இல்லாத ஆண்டுகளிலும் இவ்வாறே அவை தம்மைக் காத்துக்கொண்டன.

எதை விட்டுவைப்பது?

கோடையில் வற்றாத மடுவே அடுத்த ஆண்டின் விதைநெல். அதை இறைத்து எல்லா மீனையும் அள்ளினால், மாரியில் வயலுக்கு ஏற மீன் இராது. ஆகவே ஊர்கூடி ஒரு மடுவையாவது தொடாமல் விடுவதென்று முடிவு செய்வோம்.

செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தின் அருகே நிற்கும் விராலைப் பிடிக்கக்கூடாது. தாயும் தகப்பனும் அங்கே காவல் நிற்கின்றன. அவற்றை எடுத்தால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும்.

நஞ்சும் வெடியும் வேண்டாம். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் இவற்றைத் தடைசெய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், அதே தண்ணீரை நம் மாடுகள் குடிக்கின்றன.

பாதை போடும்போது மதகுக் குழாயை ஓடையின் அடிமட்டத்தில் வைக்கும்படி கேட்போம். குழாய் வாய் நீருக்கு மேலே தொங்கினால் மீன் ஏற முடியாது.

வளர்ப்பு மீன்களை ஓடையில் விடக்கூடாது. 1950களின் தொடக்கத்தில் இலங்கைக் குளங்களில் விடப்பட்ட திலாப்பியா இன்று பலருக்கு உணவு தருவது உண்மை. ஆனால் கண்ணாடித் தொட்டியைச் சுத்தமாக்க வாங்கப்படும் மீன், சிலர் விட்டதால் நாட்டின் சில நீர்த்தேக்கங்களில் பெருகி வலைகளைக் கெடுக்கிறது. குளத்தில் குஞ்சு விட விரும்புவோர் முதலில் அங்கே என்ன மீன் உண்டு என்று பார்த்து, நீரின உயிர்வளர்ப்பு அதிகாரசபை அலுவலரிடம் ஆலோசனை பெறுவது நல்லது.

காணி முழுவதும் கிடைத்தவர்களும் நம்மில் உண்டு, கிடைக்காதவர்களும் உண்டு. வேறு ஊர்களில் தங்கிவிட்டவர்களும் உண்டு. எங்கே இருந்தாலும் அருகில் ஓர் ஓடை இருக்கும், ஓடையை அறிந்த ஒரு முதியவரும் இருப்பார். அவர் நடக்கக்கூடிய காலத்திலேயே பிள்ளைகளோடு அவரை அழைத்துப் போவோம்.

கலந்துரையாடலுக்கு

1. நம் ஊர் ஓடைகளில் முன்பு இருந்த மீன்களின் பெயர்களை மூத்தோரிடம் கேட்டு எழுதுக. அவற்றில் இப்போது காணப்படுபவை எவை?

2. கடந்த கோடையில் எந்த மடு வற்றவில்லை? அதைக் காக்க யார் பொறுப்பேற்கலாம்?

3. மருந்துத் தாங்கியை ஓடையில் கழுவாதிருக்க நம் கிராம அபிவிருத்திச் சங்கம் என்ன ஏற்பாடு செய்யலாம்?