மேலே இரண்டு, கீழே இரண்டு: நீலகிரி எக்ஸ் எஞ்சினை வீட்டில் செய்வது எப்படி

ரயில் மாதிரி செய்யும் ஆசை வந்தவர்கள் பெரும்பாலும் பெட்டியில் வரும் ஐரோப்பிய எஞ்சினோடு நின்றுவிடுகிறார்கள். நம் மண்ணில் ஓடிய விசித்திரமான வண்டிகள் கடையில் கிடைப்பதில்லை. வேண்டுமென்றால் நாமேதான் செய்துகொள்ள வேண்டும். பட்டியாலா சமஸ்தானத்தில் 1907 முதல் 1927 வரை ஒரு மோனோரயில் ஓடியது. சாலையோரமாகப் போட்ட ஒற்றைத் தண்டவாளம், சாய்ந்துவிடாமல் தாங்கப் பக்கவாட்டில் சாலைமேல் உருளும் ஒரு பெரிய சக்கரம். அதன் எஞ்சின் டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கட்டிய 'எக்ஸ்பிரஸ்' எஞ்சினைப் பெரம்பூர் லோகோ பணிமனை 2010-ல் திரும்ப ஓடவைத்தது. இரண்டுமே அருமையான பொருள்கள். ஆனால் முதல் மாதிரிக்கு நான் சொல்வது நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சின். இன்றும் வேலை செய்கிறது, நேரில் போய்ப் பார்க்கலாம், அதன் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு விசித்திரத்துக்கும் ஒரு காரணம் உண்டு.

கள்ளக்குறிச்சிப் பக்கம் இருக்கும் நம் வடக்கனந்தலில் ரயிலும் இல்லை, மாதிரிச் சாமான் விற்கும் கடையும் இல்லை. ரயில் பார்க்கச் சின்னசேலம் போக வேண்டும். அது ஒரு குறையே அல்ல. ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையில் வெட்டி ஒதுக்கிய சன்போர்டு, ஹார்டுவேர் கடையின் பிவிசி பைப், ஸ்டேஷனரிக் கடையின் கட்டரும் ஸ்டீல் ஸ்கேலும் சார்ட் அட்டையும், ஃபெவிக்விக், எம்-சீல். தண்டவாளம் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் கச்சிராயபாளையத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவிலேயே கிடைத்துவிடும்.

கத்தி எடுப்பதற்கு முன்

எஞ்சின் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியாமல் செய்தால் மாதிரி பொம்மையாகிவிடும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர். குன்னூர் 1,700 மீட்டருக்கும் மேல். கல்லாறு தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. மிகச் செங்குத்தான இடத்தில் பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏற வேண்டும். வழவழப்பான சக்கரம் அங்கே வழுக்கும். அதனால் கல்லாறு முதல் குன்னூர் வரை இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் இரண்டு பல்சட்டங்கள் ஓடுகின்றன. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் அடுத்ததன் பள்ளம் வரும். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பற்சக்கரம் அவற்றைப் பிடித்து ஏறுகிறது. சுவிஸ் நாட்டுப் பொறியாளர் ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறை இது. எஞ்சின்களைக் கட்டியதும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்து எஸ்.எல்.எம். நிறுவனம்தான்.

இனி அதன் பக்கவாட்டைப் பாருங்கள். சாதாரண எஞ்சினில் ஒரு பக்கத்துக்கு ஒரு சிலிண்டர். எக்ஸ் வகையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு. கீழ் சிலிண்டர் ஓடும் சக்கரங்களைத் திருப்புகிறது. மேல் சிலிண்டர் பற்சக்கரத்தைத் திருப்புகிறது. மலை ஏறும்போது கீழ் சிலிண்டரில் வேலை முடித்த நீராவியே மேலே போய் இரண்டாம் முறை வேலை செய்யும். பல்சட்டம் இல்லாத இடத்தில் மேல் சிலிண்டருக்கு ஓய்வு. மாதிரி செய்கிறவருக்கு இது முக்கியமான செய்தி: சமதளக் காட்சியில் எஞ்சினை நிறுத்தப் போகிறீர்கள் என்றால் மேல் தடிகளை அசையாமல் ஒட்டிவிடலாம், தப்பே இல்லை.

அளவு எடுக்கும் பயணம்

சேலத்தில் நள்ளிரவுக்கு மேல் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலையில் மேட்டுப்பாளையம். மலை ரயில் காலை 7.10-க்குப் புறப்படும். அதற்கு முன் கிடைக்கும் நேரம்தான் உங்களுடையது. ஒரு மீட்டர் நீளக் குச்சியில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முறை சிவப்பும் வெள்ளையுமாக அடித்துக் கொண்டுபோங்கள். பணியாளர்களிடம் அனுமதி கேட்டு, குச்சியை எஞ்சின் பக்கத்தில் நிறுத்தி, நேர் பக்கவாட்டிலிருந்து தள்ளி நின்று படம் எடுங்கள். கிட்டே நின்று அகலக் கோணத்தில் எடுத்தால் சக்கரம் முட்டையாகிவிடும். பத்தடி பின்னால் போய் ஜூம் செய்வது நல்லது. முன்பக்கப் படத்துக்குக் குச்சிகூட வேண்டாம். தண்டவாள இடைவெளி சரியாக 1,000 மில்லிமீட்டர் (மீட்டர் கேஜ்), அதுவே அளவுகோல்.

எஞ்சின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். விண்டர்தூரில் கட்டியவை உண்டு, நம் திருச்சி பொன்மலைப் பணிமனை பிற்பாடு புதிதாகக் கட்டியவையும் உண்டு. நிலக்கரியில் ஓடுவதும் எண்ணெயில் ஓடுவதும் தனித்தனி. எண்ணெய் எஞ்சினின் முதுகில் கரியைக் குவித்து வைத்தால், தெரிந்தவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

1-க்கு 60

இணையக் கடைகளில் கிடைக்கும் ஹெச்.ஓ. என்ற மாதிரி ரயில் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. மீட்டர் கேஜை அறுபதால் வகுத்தால் 16.7. ஆகவே 1-க்கு 60 என்ற அளவை எடுத்தால் தண்டவாளம் தயார். ஓடும் மாதிரியை முதலில் முயல வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பன்னிரண்டுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் சாதாரண மாதிரி எஞ்சின் ஏறாது. பல்சட்டம் பிடித்து ஏறும் அளவுக்கு நுணுக்கமான பற்சக்கரம் செய்வது அனுபவசாலிகளுக்கே கடினம். நின்ற நிலையில் ஒரு காட்சி செய்யுங்கள்.

படத்தில் ஒரு மீட்டர் குச்சி 16.7 மி.மீ. வரும்படி கணினியில் சுருக்கி அச்செடுங்கள். இதுதான் உங்கள் வரைபடம். அதன்மேல் நேராக ஸ்கேல் வைத்து அளக்கலாம், கணக்கே தேவையில்லை.

பாய்லருக்கு எலக்ட்ரிகல் வேலைக்கு வரும் பிவிசி பைப்பில் 20, 25 மி.மீ. என்று இருக்கும். அச்சுப்படத்துக்கு எது பொருந்துகிறதோ அது. சற்று மெலிந்திருந்தால் சார்ட் அட்டையைச் சுற்றிப் பருக்க வைக்கலாம். பாய்லரின் இருபுறமும் நிற்கும் தண்ணீர்த் தொட்டிகள், ஓட்டுநர் அறை, அடித்தளம் எல்லாம் 2 மி.மீ. சன்போர்டு. ஒரே வீச்சில் வெட்டாதீர்கள். லேசாக மூன்று நான்கு முறை இழுத்தால் ஓரம் பிசிறாது. ரிவெட் வரிசைக்குச் சார்ட் அட்டையின் பின்பக்கத்தில் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் புள்ளி அழுத்தி, திருப்பி ஒட்டுங்கள்.

சக்கரங்கள் நான்கு ஜோடி ஒன்றாகக் கோத்தவை, ஓட்டுநர் அறைப் பக்கம் தாங்குவதற்கு இன்னொரு சிறிய ஜோடி. ஆரங்களை அச்செடுத்து வட்டமாக வெட்டிய சன்போர்டில் ஒட்டினாலும் பார்க்க நன்றாகவே இருக்கும். இணைப்புத் தடிகளைக் கடைசியில் ஒட்டுங்கள். நான்கு சக்கரத்திலும் முளை ஒரே கோணத்தில் நிற்க வேண்டும்.

சிலிண்டர்களில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். இந்த எஞ்சினின் முகவரியே அவை. தீர்ந்த ஸ்கெட்ச் பேனாவின் குழாயில் நான்கு துண்டு வெட்டி, இரு முனைக்கும் வட்ட அட்டை மூடி போட்டு, எம்-சீல் வைத்து மேலும் கீழுமாகப் பொருத்துங்கள். மேல் தடிகளுக்கும் கீழ் தடிகளுக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். அந்த இடைவெளி அடைத்துக்கொண்டால் இரண்டு சிலிண்டர் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது.

பல்சட்டம்

உண்மையில் இரண்டு சட்டங்களுக்கும் இடையில் 44 மி.மீ.; அவை தண்டவாளத்தைவிட 64 மி.மீ. உயரத்தில் இருக்கும். நம் அளவில் முக்கால் மில்லிமீட்டர் இடைவெளியும் ஒரு மில்லிமீட்டர் உயரமும். இதற்கு ஹார்டுவேர் கடையில் ஆக்சா பிளேடு இரண்டு வாங்குங்கள், பல் பெரிதாக இருப்பது. அடித்தளத்தில் கோடு கிழித்து, பல் மேலே பார்க்கும்படி இறக்கி, ஒன்றை அரைப் பல் அளவு தள்ளி வையுங்கள். பிளேடு முப்பது சென்டிமீட்டர், காட்சிக்கும் அந்த நீளம் போதும். 36 செ.மீ. பலகையின் ஒரு முனையை 3 செ.மீ. தூக்கினால் கல்லாறு ஏற்றம் அச்சு அசலாக வந்துவிடும். சிறுவர்கள் தொடும் இடத்தில் வைப்பதாக இருந்தால் பல்லின் கூர்மையை அரத்தால் மழுக்கிவிடுங்கள்.

எஞ்சினை எந்தப் பக்கம் வைப்பது? எப்போதும் பள்ளத்துப் பக்கம், சிம்னி மலையைப் பார்த்தபடி. ஏறும்போது அது பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளுகிறது; பெட்டி நழுவினாலும் எஞ்சின்மேல்தான் சாயும். எஞ்சினை முன்னால் வைத்து இழுக்க விட்ட அழகான மாதிரிகளைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு உழைத்திருந்தாலும் அது நீலகிரி ரயில் ஆகாது.

ஒரு பெட்டியாவது சேர்த்துச் செய்யுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் முன்புறம் திறந்த மேடையில் பிரேக் பிடிக்க ஓர் ஆள் நிற்பார். முதல் பெட்டிக்காரர் கையில் பச்சையும் சிவப்பும் கொடி. அவர் பாதையைப் பார்த்துச் சொல்வதை நம்பித்தான் பின்னால் இருக்கும் ஓட்டுநர் வண்டியைத் தள்ளுகிறார். தீக்குச்சியில் செதுக்கிய ஓர் உருவமும் கையில் ஒரு பொட்டுப் பச்சைத் தாளும் போதும்.

நிறத்துக்கு முதலில் ஆண்டை முடிவுசெய்யுங்கள். இப்போதைய பெட்டிகள் நீலமும் பாலேட்டு நிறமும். 1980-களின் தோற்றம் வேண்டுமென்றால், கேத்தி நிலையத்தில் எடுத்த 'மூன்றாம் பிறை' படத்தின் கடைசிக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். எண்ணெய்ப் பெயின்ட் வேண்டாம். முதலில் ஃபேப்ரிக் அல்லது அக்ரிலிக் அடித்துக் காயவிட்டு, புகைபோக்கியைச் சுற்றி மட்டும் கரித்தூளைப் பஞ்சால் தேய்த்துவிடுங்கள்.

தரைக்குக் கல்வராயன் மலை அடிவாரத்து மண்ணைச் சலித்து, காய்ந்த தேயிலைத் தூளோடு கலந்து, ஃபெவிகால் கரைசல்மேல் தூவலாம். சர்க்கரை ஆலைப் பக்கம் கிடைக்கும் கரும்புச் சக்கையை மட்டும் பயன்படுத்தாதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

இது முடிந்த கையோடு அடுத்ததுக்கும் படம் தேட வேண்டியிருக்கும். சின்னசேலம் பாதையும் ஒரு காலத்தில் மீட்டர் கேஜ்தான். அதில் ஓடிய எஞ்சினும் பெட்டியும் இன்று அங்கே இல்லை. உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் யாராவது பிளாட்பாரத்தில் நிற்கும் படம் இருந்தால், அவர்களுக்குப் பின்னால் தெரியும் வண்டியையும் கவனியுங்கள். படத்தை ஸ்கேன் செய்து, பின்புறத்தில் ஊரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதி வையுங்கள்.