ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளுக்கு எல்லாமே இலவசமா?

ஆஸ்திரேலியாவில் பல காலமாக ஒரு கதை உலவுகிறது: பூர்வகுடி ஒருவர் கார் வாங்கினால், தவணையை அரசாங்கமே கட்டிவிடுமாம். அப்படி ஒரு திட்டம் இருந்ததே இல்லை. பூர்வகுடி மாணவர்களுக்கு ‘ஆப்ஸ்டடி’ என்ற தனி உதவித்தொகை உண்டு. மற்றபடி முதியோர் பென்ஷனையும் வேலையில்லாதோர் படியையும் சென்டர்லிங்க் அலுவலகம் எல்லோருக்கும் ஒரே அளவில்தான் கணக்கிடுகிறது. கூடுதலாக வாங்குவது இருக்கட்டும். மற்றவர்கள் வாங்கியதே பூர்வகுடிகளில் பலருக்கு அரை நூற்றாண்டு கைக்கு எட்டவில்லை.

‘அவர்கள் எங்கோ காட்டுக்குள் இருந்தார்கள், விண்ணப்பிக்கத் தெரியவில்லை’ என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. 1908ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்தால் அந்தச் சமாதானம் நிற்காது. 65 வயதானவருக்கு வாரம் 10 ஷில்லிங் வரை பென்ஷன் தந்த சட்டம் அது. 25 ஆண்டுகள் நாட்டில் வசித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பல்லாயிரம் ஆண்டுகளாக அந்த மண்ணிலேயே இருக்கும் மக்களுக்கு இது ஒரு தடையா என்ன? ஆனால் தகுதியற்றோர் பட்டியலில் ‘ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிகள்’ என்று பெயர் சொல்லியே எழுதிவைத்தார்கள். 1912இல் பிரசவத்துக்கு 5 பவுண்டு தரும் சட்டம் வந்தது. மணமாகாத தாய்க்கும் உண்டு என்னும் அளவுக்கு அந்தக் காலத்திலேயே தாராளம். பூர்வகுடித் தாய்க்கோ கிடையாது.

அதே பட்டியலில் ‘ஆசியர்’களும் இருந்தார்கள், நம்மவர்களும் அதில் அடக்கம். 1922இல் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி பிரிட்டிஷ் இந்திய அரசின் சார்பில் ஆஸ்திரேலியாவுக்குப் போய், அங்கே குடியேறியிருந்த இந்தியர்களுக்கு ஓட்டும் பென்ஷனும் வேண்டும் என்று வாதாடினார். 1925இல் ஓட்டு வந்தது. 1926இல் பென்ஷன் கதவும் திறந்தது. கப்பலேறி வந்த இந்தியருக்காகக் கேட்க ஓர் அரசு இருந்தது, அது பிரிட்டிஷ் இந்திய அரசாகவே இருந்தாலும். பூர்வகுடிகளுக்காக அப்படிக் கேட்க எந்த அரசும் இல்லை.

‘1967 பொதுவாக்கெடுப்பில்தான் எல்லா உரிமையும் கிடைத்தது’ என்பது படித்தவர்களும் நம்பும் விஷயம். 90 சதவீதத்துக்கு மேல் ‘ஆம்’ விழுந்த அந்த வாக்கெடுப்பு, மத்திய அரசு பூர்வகுடிகளுக்காகச் சட்டம் இயற்றவும் மக்கள்தொகைக் கணக்கில் அவர்களைச் சேர்க்கவும் வழிசெய்தது. மத்தியத் தேர்தல்களில் ஓட்டுரிமை 1962இலேயே வந்துவிட்டது. பென்ஷனோ தவணை தவணையாக வந்தது. 1942இல், பூர்வகுடிச் சட்டங்களின் கட்டுப்பாட்டிலிருந்து மாநில அரசு விலக்கு அளித்தவர்களுக்கே முக்கியமாகக் கொடுத்தார்கள். அந்த விலக்குக்கு ஒரு சான்றிதழ் உண்டு. பூர்வகுடிகள் அதற்கு வைத்த பெயர் ‘நாய் லைசென்ஸ்’. நியூ சவுத் வேல்ஸில் அதை வாங்கியவர், பூர்வகுடிகளுக்கென்று இருந்த ஒதுக்கிடத்தில் வாழும் தன் சொந்தபந்தங்களைப் பார்க்கவே அனுமதி கேட்க வேண்டியிருந்தது. 1960இல் பெரும்பாலான தடைகள் விலகின. ‘நாடோடியாக அல்லது ஆதிநிலையில் வாழ்பவர்’ என்ற கடைசித் தடை 1966இல் நீங்கியது.

அதற்குப் பிறகும் எல்லோர் கையிலும் பணம் முழுதாகச் சேரவில்லை. ஒதுக்கிடங்களிலும் மிஷன்களிலும் இருந்த பல முதியவர்களின் பென்ஷன் நிர்வாகத்துக்குப் போனது. அவர்களுக்குக் கிடைத்தது கைச்செலவுக் காசு.

இதெல்லாம் பழைய கதை, இன்று சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று கேட்கலாம். 2007இல் வடக்கு ஆட்பகுதியில் 73 பூர்வகுடிச் சமூகங்களில் உதவித்தொகையின் பாதியை அரசு பிடித்துவைத்து, சாப்பாடு, வாடகை போன்றவற்றுக்கு மட்டுமே செலவழிக்க விட்டது. அதற்காக 1975ஆம் ஆண்டின் இனப் பாகுபாட்டுச் சட்டத்தையே ஒதுக்கிவைத்தது. பாகுபாடு இல்லையென்றால் அந்தச் சட்டம் எதற்குக் குறுக்கே நிற்கப்போகிறது? அடுத்த ஆண்டு மது, சிகரெட் வாங்க முடியாத ‘பேசிக்ஸ் கார்டு’ வந்தது. 2010இல் விதியில் இனத்தின் பெயரை எடுத்துவிட்டு எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். அப்புறமும் கார்டு வைத்திருந்தவர்களில் பெரும்பாலானோர் பூர்வகுடிகளே. 2015இல் தொலைதூரப் பகுதிகளில் வேலையில்லாதோர் படி வாங்குபவர்களை வாரம் 25 மணி நேரம் வரை வேலைக்கு வரச் சொன்னார்கள். வராவிட்டால் படியில் வெட்டு. நகரத்தில் இருந்தவர்களுக்கு இவ்வளவு கெடுபிடி இருக்கவில்லை. தொலைதூரத் திட்டத்தில் இருந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் பூர்வகுடிகள்.

இப்போது பென்ஷன் வயது 67. 2020–22 கணக்குப்படி, பூர்வகுடி ஆணின் சராசரி ஆயுள் 71.9 ஆண்டுகள், மற்ற ஆண்களுக்கு 80.6. வக்கா வக்கா இனத்தைச் சேர்ந்த ஒரு முதியவர் இந்த இடைவெளியைக் காட்டி, தங்களுக்குப் பென்ஷனை முன்கூட்டியே தர வேண்டும் என்று வழக்குப் போட்டார். ஃபெடரல் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2023இல் அதை ஏற்க மறுத்தது. பூர்வகுடிகளுக்கும் பென்ஷன் வயது 67தான்.