சொல் கேட்கும் கணினி

நுழையும்முன்

படங்களைத் தொட்டும் சுட்டியால் சொடுக்கியும் கணினியை இயக்கப் பழகியவர்கள் நாம். திரையில் இருப்பதை மட்டுமே சுட்டிக்காட்ட முடியும்; சொல்லால் ஏவுபவருக்கு அந்த எல்லை இல்லை. திறந்த மூல இயங்குதளமான லினக்ஸில் கட்டளை வரியைக் கையாளும் முறையையும், அத்திறனோடு சேர்ந்து வரும் பொறுப்பையும் இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

உரிமையும் திறனும்

1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலானோர் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். தட்டச்சுப்பொறி போன்ற முனையத்தில் பயனர் கட்டளையைத் தட்டச்சிடுவார். விடை தாளில் அச்சாகி வரும். யூனிக்ஸ் கட்டளைகளின் பெயர்கள் இரண்டு மூன்று எழுத்துகளாகச் சுருங்கியதற்கு மெதுவாக இயங்கிய அக்கருவிகளும் ஒரு காரணம்.

யாவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய ஓர் இயங்குதளத்தை உருவாக்கும் ‘க்னூ’ திட்டத்தை 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்தார். 1991இல் பின்லாந்து நாட்டின் எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸின் கருநிரலை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21. இவ்விரு முயற்சிகளும் இணைந்ததன் பயனே இன்றைய டெபியன், உபுண்டு முதலிய இயங்குதளங்கள். சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளமும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

திறந்த மூல உரிமம், கணினியின் உள்ளே பார்க்கவும் அதை மாற்றவும் நமக்கு உரிமை அளிக்கிறது. ஆனால், நூலகத்தின் கதவு திறந்திருப்பதனாலேயே நூல்களைப் படித்துவிட்டதாக ஆகாது, எழுத்தறிவும் வேண்டும். கணினியைப் பொறுத்தவரை அவ்வெழுத்தறிவின் தொடக்கமே கட்டளை வரி.

ஏவல் வினையும் கட்டளையும்

தமிழில் ‘எழுது’, ‘படி’ என வினைப்பகுதியே முன்னிலை ஒருமை ஏவலாக நிற்கும். கணினிக் கட்டளையும் ஏறத்தாழ அத்தகையதே. பெரும்பாலான கட்டளைகளில் மூன்று உறுப்புகள் அமையும். முதலில் வருவது வினை. அடுத்து, அவ்வினை எவ்வாறு நிகழவேண்டும் என்பதைக் குறிக்கும் விருப்பக்குறி. இறுதியில், வினைக்கு உட்படும் கோப்பு அல்லது கோப்புறை. தமிழ்த் தொடரில் பெரும்பாலும் இறுதியில் நிற்கும் வினை, இங்கு முதலில் நிற்கிறது.

முனையத்தைத் திறந்தால் டாலர் குறியும் அதன் அருகே துடிக்கும் சிறு கோடும் தோன்றும். ‘நான் காத்திருக்கிறேன், சொல்’ என்பதே அதன் பொருள். பின்வரும் கட்டளைகள் ஒலிப்பு முறையில் தமிழில் தரப்பட்டுள்ளன. கணினியில் அவற்றுக்குரிய ஆங்கிலச் சிற்றெழுத்துகளை, இடையில் புள்ளியின்றித் தட்டச்சிட வேண்டும். பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் லினக்ஸ் வேறுவேறாகவே கருதும்.

பி.டபிள்யூ.டி. – நான் இப்போது எந்தக் கோப்புறையில் இருக்கிறேன் எனக் காட்டும்.
எல்.எஸ். – இங்கு உள்ளவற்றைப் பட்டியலிடும்.
சி.டி. – வேறு கோப்புறைக்குச் செல்லும்.
எம்.கே.டி.ஐ.ஆர். – புதிய கோப்புறையை உருவாக்கும்.
சி.பி. – கோப்பைப் படியெடுக்கும்.
எம்.வி. – கோப்பை இடம் மாற்றும், பெயரையும் மாற்றும்.
ஆர்.எம். – கோப்பை அழிக்கும்.
மேன் – பெரும்பாலான கட்டளைகளுக்கு உரிய கையேட்டைத் திறக்கும்.

இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இருக்கும் இடத்தை அறிதல், உள்ளதைக் காணுதல், பிறகு செயற்படுதல் என்னும் வரிசையை மறவாதிருந்தால் போதும். கட்டளைகள் ஆங்கிலத்தில் இருப்பினும், கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம்.

கட்டளை சரியாக நிறைவேறினால் பல வேளைகளில் கணினி ஒன்றும் சொல்லாது. அமைதியே அதன் ஒப்புதல். பிழை நேர்ந்தால் மட்டும் பேசும். ‘அப்படியொரு கோப்பு இல்லை’, ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்பன போன்ற செய்திகளைக் கண்டு அஞ்ச வேண்டா. என்ன தவறு, எங்கே தவறு என்பதைச் சொல்லித்தரும் ஆசிரியர் கூற்றாகவே அவற்றைப் படிக்க வேண்டும்.

சிறு கருவிகளின் கூட்டுறவு

ஒரு கருவி ஒரு வேலையை மட்டும் செம்மையாகச் செய்ய வேண்டும் என்பது யூனிக்ஸின் அடிப்படைக் கொள்கை. பெரிய வேலைகளுக்கு அக்கருவிகளை இணைத்துக்கொள்ளலாம். டக்ளஸ் மெக்கில்ராய் வலியுறுத்திய இவ்விணைப்பு முறை 1973இல் யூனிக்ஸில் இடம்பெற்றது. அதற்குக் ‘குழாய்’ என்று பெயர். செங்குத்துக் கோடு அதன் குறி. ஒரு கட்டளையின் விடை அக்குழாய் வழியே அடுத்த கட்டளைக்குள் பாயும்.

பள்ளி நூலகத்தில் இரவல் பெறப்பட்ட நூல்களின் பெயர்கள், வரிக்கு ஒன்றாக ‘இரவல்’ என்னும் கோப்பில் உள்ளன எனக் கொள்வோம். மாணவர்கள் மிகுதியாகப் படித்த நூல் எது? ஆயிரம் வரிகளைக் கையால் எண்ணுவது கடினம். கட்டளை வரியில் ஒரே வரி போதும்:

சார்ட் இரவல் | யூனிக் -சி | சார்ட் -என்ஆர் | ஹெட்

முதற்கட்டளை பெயர்களை அகர வரிசைப்படுத்துவதால் ஒரே பெயர்கள் அடுத்தடுத்து வந்து சேர்கின்றன. யு, என், ஐ, கியூ என்னும் நான்கெழுத்தாலான இரண்டாம் கட்டளை, அடுத்தடுத்துள்ள ஒரே வரிகளை ஒன்றாக்கி, எத்தனை முறை வந்தன என்பதை முன்னே எழுதுகிறது. மூன்றாவது, அவ்வெண்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குகிறது. நான்காவது, முதற்பத்து வரிகளைக் காட்டுகிறது. இந்நான்கனுள் எதுவும் நூலகத்திற்கென உருவாக்கப்பட்டதன்று. தேவையை அறிந்து அவற்றை இணைத்த சிந்தனையே விடையைத் தந்தது. இதே வரி நாளை வாக்குகளையும் மழையளவுக் குறிப்புகளையும் எண்ணித் தரும்.

தெரிந்து தெளிவோம்

2017 நவம்பர் முதல், உலகின் அதிவேகமான 500 மீக்கணினிகளின் பட்டியலில் உள்ள அனைத்தும் லினக்ஸ் வகை இயங்குதளங்களிலேயே இயங்குகின்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உள்ளிருப்பதும் லினக்ஸ் கருநிரலே.

சொல்லின் பொறுப்பு

சொன்னதைச் செய்யும் கருவி, தவறாகச் சொன்னதையும் செய்யும். ஆர்.எம். கட்டளையால் அழிக்கப்படும் கோப்பு குப்பைத்தொட்டிக்குச் செல்வதில்லை. இயல்பாக அதனை மீட்க வழியும் இல்லை.

1998இல் பிக்சார் நிறுவனம் ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் அசைவூட்டப் படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, தவறாக இடப்பட்ட ஓர் அழிப்புக் கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. நிறுவனத்தின் காப்புப் படியும் கைகொடுக்கவில்லை. குழந்தை பிறந்தபின் வீட்டிலிருந்து பணியாற்றிவந்த கேலின் சஸ்மன் என்னும் தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் இருந்த படியைக் கொண்டே படம் மீட்கப்பட்டது. பலருடைய பல மாத உழைப்பை ஒரு வரி அழித்தது. முன்கூட்டியே எடுத்த ஒரு படி காத்தது.

எனவே, அழிக்கும்முன் பி.டபிள்யூ.டி. இட்டு இடத்தை அறிக, எல்.எஸ். இட்டு எவை அழியும் எனக் காண்க. ‘-ஐ’ என்னும் விருப்பக்குறியைச் சேர்த்தால், கணினி ஒவ்வொரு கோப்பையும் கேட்ட பின்னரே அழிக்கும். முதன்மைப் பயனரின் முழு அதிகாரத்தைத் தரும் ‘சூடூ’ என்னும் சொல்லை, பொருள் விளங்காத கட்டளைக்கு முன்னால் ஒருபோதும் இடாதீர். எவரோ எழுதிய வரியைப் படியெடுத்து ஒட்டும்முன், மேன் கட்டளையால் அதன் பொருளை அறியுங்கள். அவ்வாறு அறிந்து இடும் கட்டளையே நம் சொல்லாகும். அறியாமல் இடுவது பிறர் சொல்லை நம் கையால் எழுதுவதே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பெயரில் ஒரு கோப்புறையை உருவாக்கி, அதில் ஒரு கோப்பைப் படியெடுத்துப் பெயர் மாற்றுக. ஒவ்வொரு படிநிலைக்குப் பின்னும் எல்.எஸ். இட்டு, கண்ட மாற்றத்தைக் குறிப்பேட்டில் எழுதுக.
2. ‘இரவல்’ எடுத்துக்காட்டில் முதற்கட்டளையை நீக்கினால் விடை ஏன் பிழையாகும்? வகுப்பில் கலந்துரையாடுக.
3. ‘உரிமையைப் பயன்கொள்ளத் திறன் வேண்டும், திறனுக்குப் பொறுப்பு வேண்டும்’ – பாடக்கருத்துகளைக் கொண்டு நிறுவுக.