எஸ்மெரால்டா ஏறிய மேடை

இந்த மாதப் பாடம் கருணை. கீதையின் 12-ஆம் அத்தியாயத்தில் பக்தனின் அடையாளங்களைச் சொல்லவரும் கண்ணன், எந்த உயிரையும் வெறுக்காமை, நட்பு, கருணை என்றுதான் தொடங்குகிறார். இது எனக்குப் புரிந்தது ஒரு கார்ட்டூன் படத்தில். சிரிக்காதீங்க!

விக்டர் ஹியூகோ 1831-இல் எழுதிய நாவலைத் தழுவி, 1996-இல் டிஸ்னி எடுத்த 'தி ஹன்ச்பேக் ஆஃப் நோட்ர டாம்' படம் அது. கதை நடப்பது 15-ஆம் நூற்றாண்டு பாரிஸில். கூன் விழுந்த குவாசிமோடோ, தேவாலய மணிக்கூண்டில் மறைத்து வளர்க்கப்பட்டவன். ஒரு திருவிழாவில் ரகசியமாகக் கூட்டத்தில் கலக்கிறான். அவன் முகமூடி போட்டிருக்கிறான் என்று நினைத்து, ரோமானி நடனப் பெண் எஸ்மெரால்டா அவனை மேடைக்கு இழுக்கிறாள். அதுதான் அவன் முகம் என்று தெரிந்ததும் கூட்டம் அவனுக்கு முடிசூட்டுகிறது. கொஞ்ச நேரத்தில் அதே கூட்டம் தக்காளி எறிந்து, அவனைக் கயிற்றால் கட்டிப்போடுகிறது. காவல் தலைவன் ஃபீபஸுக்கு மனசு கேட்கவில்லை. நீதிபதி ஃப்ரோலோவிடம் அனுமதி கேட்கிறான். கிடைக்கவில்லை, நின்றுவிடுகிறான். எஸ்மெரால்டா மட்டும் மேடை ஏறுகிறாள்.

அவளிடம் நான் கற்றவை மூன்று.

1. தன் பங்கை ஒத்துக்கொண்டாள். முதலில் மன்னிப்புக் கேட்டாள், அவன் முகத்தைத் துடைத்தாள், தடுத்தும் கேட்காமல் கயிற்றை அறுத்தாள்.

2. "இவன் நம்ம ஆளா?" என்று கேட்கவில்லை. குவாசிமோடோவும் ரோமானி தாய்க்குப் பிறந்தவன்தான். அது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ரோமானி மக்களின் முன்னோர் சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து போனவர்கள். இன்றும் அவர்கள் மொழியில் தண்ணீருக்குப் பெயர் 'பானி'. இதைப் படித்ததும், "அட, நம்ம வேர்!" என்று எனக்குப் பெருமை வந்தது. அப்புறம்தான் உறைத்தது: சொந்தம் என்று தெரிந்த பிறகு வருவது பாசம். தெரியாமலே வருவதுதான் கருணை.

3. தனக்காகக் கேட்கவில்லை. தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தபோது மற்றவர்கள் செல்வமும் புகழும் வேண்டுகிறார்கள். வெளியே போனால் கைதாகும் நிலையிலும் அவள் ஒதுக்கப்பட்ட மக்களுக்காக வேண்டுகிறாள்.

இனி என் கதை. முதல் ஆண்டில், பேச்சு திக்கும் ஒரு மாணவன் எங்கள் வகுப்பில் பிராஜெக்ட் விளக்கம் சொன்னான். பின்வரிசையில் அவனைப் போலவே பேசிக் காட்டிச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனா, போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று மாலை கோயிலுக்குப் போய் என் தேர்வுக்காக அர்ச்சனையும் செய்தேன். ஃபீபஸாவது அனுமதி கேட்டான். நான் அதுகூடச் செய்யவில்லை. இரண்டு வருஷம் கழித்துத்தான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ அங்க இருந்தியா?" என்றான். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

கலந்து பேச:
அ. உங்கள் வகுப்பில், வேலையிடத்தில் இப்போது மேடையில் கட்டப்பட்டிருப்பவர் யார்?
ஆ. கடைசியாக வேறொருவருக்காக எப்போது வேண்டிக்கொண்டீர்கள்?

இந்த வாரம் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது இன்னொருவர் பெயரைச் சொல்லுங்கள். மறுநாள் அவரிடம் போய்ப் பேசுங்கள்.