முதுமைப் பராமரிப்பும் கட்டணமும்: இங்கிலாந்தில் நிலவும் சில நம்பிக்கைகள்

இங்கிலாந்தில் மருத்துவம் இலவசம் என்பதால் முதுமையில் தேவைப்படும் பராமரிப்பும் இலவசமாகவே கிடைத்துவிடும் என்பது பலருடைய நம்பிக்கை. ஆனால் 1948இல் தேசிய சுகாதார சேவை தொடங்கப்பட்டபோதே, நோய்க்கான சிகிச்சை கட்டணமின்றி அதன் பொறுப்பிலும், முதியோருக்கான தங்கிடப் பராமரிப்பு பெறுபவரின் வசதிக்கேற்ற கட்டணத்துடன் உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பிலும் விடப்பட்டன. 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்திலும் அப்பிரிவினை தொடர்கிறது. இதனால் புற்றுநோயாளியின் சிகிச்சைக்கு அரசு செலவிட, டிமென்ஷியா எனப்படும் மறதிநோயால் குளிக்கவும் உடுத்தவும் துணை வேண்டியவர் பெரும்பாலும் தம் சேமிப்பைக் கரைக்க நேர்கிறது. இதனை மருத்துவ நியாயம் என்பதைவிட நிர்வாக வரலாற்றின் விளைவு என்பதே பொருந்தும். ஒருவருடைய தேவை முதன்மையாக உடல்நலம் சார்ந்தது என மதிப்பீட்டில் உறுதியானால் மட்டுமே, வசதி பாராமல் முழுச் செலவையும் சுகாதார சேவை ஏற்கும்.

சேமிப்பு சிறிதேனும் இருந்தால் உதவி கிடைக்காது என்பதும் சரியன்று. சொத்து 23,250 பவுண்டுக்கு மேற்பட்டவர் முழுக் கட்டணத்தையும் தாமே செலுத்த வேண்டும். 14,250க்கு உட்பட்ட சேமிப்போ கணக்கிலேயே வராது. இடைப்பட்ட தொகையில் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் வாரம் ஒரு பவுண்டு வருமானம் வருவதாகக் கொள்ளப்படுவதால், 18,000 பவுண்டு வைத்திருப்பவருக்கு வாரம் 15 பவுண்டு கூடுதல் வருமானம் இருப்பதாகக் கருதப்படும். விலைவாசி எவ்வளவோ ஏறியும் இவ்வரம்புகள் 2010 முதல் மாறவில்லை.

வீட்டைப் பற்றிய அச்சமே எல்லாவற்றினும் பெரிது. சொந்த வீட்டிலிருந்தே உதவி பெறுபவரின் வீடு சொத்தாகக் கணக்கிடப்படுவதில்லை. பராமரிப்பு இல்லத்திற்கு நிலையாகக் குடிபெயர்ந்தாலும் முதல் 12 வாரங்களுக்கும், அதன் பின்னர் வாழ்க்கைத்துணையோ 60 வயது கடந்த உறவினரோ அவ்வீட்டில் தொடர்ந்து வசிக்கும்வரையும் அதன் மதிப்பு விலக்கப்படும். மற்றவர்களும் உடனே விற்க வேண்டியதில்லை. கட்டணத்தை வீட்டின் பேரில் கடனாக நிறுத்தி, விற்பனையின்போதோ இறப்பின் பின்னரோ வட்டியுடன் தீர்க்கும் ஒத்திவைப்பு ஒப்பந்தத்தை மன்றத்துடன் செய்துகொள்ளலாம்.

பிள்ளைகளுக்கு வீட்டை எழுதிவைத்து ஏழாண்டு கடந்துவிட்டால் மன்றத்தால் கேட்க முடியாது என்னும் பேச்சு, மரபுரிமை வரிக்குரிய விதியைப் பராமரிப்புக் கட்டணத்துடன் குழப்பிக்கொண்டதால் எழுந்தது. இங்கு கால வரம்பு எதுவும் இல்லை: பராமரிப்புத் தேவையை எதிர்பார்த்திருக்கக்கூடிய நிலையில், கட்டணத்தைத் தவிர்ப்பதை முக்கிய நோக்கமாகக் கொண்டு சொத்து கைமாற்றப்பட்டதெனத் தெரிந்தால், அது இன்னும் அவரிடமே உள்ளதாக மன்றம் கணக்கிடலாம். பிள்ளைகளின் சொந்த வருமானத்தையோ சேமிப்பையோ மன்றம் கணக்கில் கொள்வதில்லை.

வாழ்நாள் முழுவதற்குமான செலவு 86,000 பவுண்டைத் தாண்டாது என்றும் சிலர் நம்பியிருக்கின்றனர். அத்தகைய உச்சவரம்பு அறிவிக்கப்பட்டது உண்மையே; 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வரவேண்டிய அது 2025க்குத் தள்ளப்பட்டு, 2024 ஜூலையில் புதிய அரசால் கைவிடப்பட்டது.